வலி அடங்கிய ஒரு மணி நேரம்

கார்த்திகையில் ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருந்தது. கம்பத்திலிருந்து ஜீப்பில் வந்து, குமுளிக்கு மேலே உள்ள தோட்டத்தில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று இடது விலாவுக்குக் கீழே ஏதோ கிழிந்ததுபோல வலி. அடிபடவில்லை, விழவுமில்லை.

முதலில் பார்த்த இடத்தில் வாயு என்று ஊசி போட்டார்கள். சிறிது நேரத்தில் வலி அடங்கியது. கட்டன் சாயாகூடக் குடித்தேன். பிழைத்தேன் என்று நாங்கள் நம்பிய அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இன்றும் உடல் நடுங்குகிறது. மண்ணீரலுக்குப் போகும் தமனியில் இருந்த புடைப்பு வெடித்திருந்தது. இரத்தம் முதலில் இரைப்பைக்குப் பின்னால் உள்ள சிறு இடத்தில் தேங்கி, கசிவைத் தானே அழுத்தி நிறுத்துமாம். அது தாங்காமல் உடைந்தால் வயிறு முழுவதும் பாயும்.

ஜீப்பில் சாய்ந்ததும் இடது தோள்பட்டை நுனி வலித்தது. எழுந்தால் கண் இருட்டியது. "முகம் சுண்ணாம்பாக இருக்கிறது, வீட்டுக்கு விடமாட்டேன்" என்று உடன் வேலை செய்யும் அக்கா குமுளியிலேயே வேறொரு மருத்துவரிடம் இழுத்துப்போனார். அந்த மலையாள மருத்துவர் வயிற்றைத் தொட்டுவிட்டு, "தோளில் வேதனயுண்டோ?" என்றார். ஆமாம் என்றேன். உடனே ஸ்கேன். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத்தை இரத்தம் உறுத்தும்போது வலி தோளில் தெரியுமாம். இரத்த அழுத்தம் 80, நாடி 130.

லோயர் கேம்ப் வளைவுகள் நினைவில்லை. தேனியில் இரத்தம் ஏற்றி மதுரைக்கு அனுப்பினார்கள். சாயம் செலுத்தி எடுத்த சி.டி. ஸ்கேனில் புடைப்பு 3 செ.மீ. "எத்தனை பிரசவம்?" என்று கேட்டார்கள். நான்கு என்றேன். இது பெண்களுக்கே அதிகம், பலமுறை கருவுற்றவர்களுக்கு இன்னும் அதிகமாம். எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

தொடை இடுக்கில் மட்டும் மரத்துப்போகச் செய்து, மெல்லிய குழாய் வழியே புடைப்புக்கு முன்னும் பின்னும் உலோகச் சுருள்களை வைத்து அடைத்தார்கள். முன்பக்கம் மட்டும் அடைத்தால் பின்பக்கமாக இரத்தம் திரும்பிவரும் என்று விளக்கிக்கொண்டே செய்தார் மருத்துவர். நான் விழித்திருந்து கேட்டேன். வயிற்றைத் திறக்கவில்லை. எனக்கு ஏற்றிய இரத்தத்துக்கு ஈடாக எங்கள் ஜீப் ஓட்டுநர்கள் மலையிலிருந்து இறங்கிவந்து இரத்தம் கொடுத்தார்கள்.

ஒரு வாரம் காய்ச்சலும் இடப்பக்க வலியும் இருந்தன. மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் மண்ணீரலின் ஓரம் மட்டும் கருகியிருந்தது. மற்றப் பகுதிக்கு இரைப்பையிலிருந்து வரும் சிறு தமனிகள் இரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தன.