அறுத்த ஷீட்டை எடுக்க மாட்டோம் என்றார்கள்: மெரைன் பிளைவுட் மாற்றி வாங்கிய அனுபவம்

பிளைவுட்டுக்கு உள்ளே ஓட்டை இருக்கிறதா என்பது பெரும்பாலும் அறுத்தால்தான் தெரியும். அறுத்துவிட்டாலோ கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, சமையலறை பாதி வேலையில் நிற்க, நான் அலைந்த அலைச்சலைத்தான் எழுதுகிறேன். வீட்டில் மரவேலை தொடங்கப்போகிறவர்கள் ஷீட் வந்து இறங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டால் நல்லது.

வீடு மதுரையில். சமையலறைக்கு கேபினெட் போடுவதற்காக 19 மி.மீ. மெரைன் பிளை, எட்டுக்கு நாலு ஷீட் 11 வாங்கினோம். சதுர அடி 110 ரூபாய்க்கு மேல். சாதா கமர்ஷியல் பிளை இதைவிட எவ்வளவோ குறைந்த விலைக்குக் கிடைக்கும். சிங்குக்கு அடியில் ஈரம் நிற்கும் என்பதற்காகவே, மெரைன் பிளைக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 710 முத்திரை போட்டதாகக் கேட்டு வாங்கினோம். அந்தத் தர நிர்ணயப்படி, துண்டை 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் பசை விடக்கூடாது. நாம் கூடுதலாகக் கொடுக்கிற காசில் அந்தப் பசைக்கும் பங்கு உண்டு.

முதல் நாள் வேலை ஒழுங்காகத்தான் போனது. அடுத்த நாள் ஆசாரி அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். அறுத்த விளிம்பில் அடுக்குகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு சந்து.

“இங்க பாருங்கம்மா, எலி பொந்து மாதிரி இருக்கு. ஒண்ணு ரெண்டு இருந்தா மரத்தூளையும் ஃபெவிகாலையும் வச்சு அடைச்சிருவேன். இது அறுக்கிற பக்கமெல்லாம் வருது.”

தன் ஸ்டீல் ஸ்கேலை அந்தச் சந்துக்குள் விட்டுக் காட்டினார். 4 அங்குலம் தடையில்லாமல் உள்ளே போனது. பிளைவுட் என்பது மெல்லிய மர ஏடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் பசை போட்டு அழுத்துவது. நடு ஏட்டுக்கு முழு அகலத் துண்டு வைக்காமல் சின்னச் சின்னத் துண்டுகளை இடைவெளி விட்டு வைத்தால், மேலே பார்க்க ஷீட் பளபளவென்றிருக்கும், உள்ளே வெற்றிடம். தொழிலில் இதற்குக் ‘கோர் கேப்’ என்று பெயர். முந்தைய நாள் மாட்டிய ஒரு கதவில் கீலுக்கு ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்ததற்கும் அதுதான் காரணம் என்று அப்போதுதான் புரிந்தது. ஸ்க்ரூ மரத்தில் இறங்கவில்லை, காற்றில் சுற்றியிருக்கிறது.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார். “பசையைப் பாருங்க. மெரைன் பிளைன்னா கருஞ்சிவப்பா கோடு தெரியணும். இது வெளுப்பா இருக்கு.” மெரைன் பிளைக்குப் போடுவது பீனால் ஃபார்மால்டிஹைடு பசை. அது காய்ந்தால் அடர் நிறத்தில் தெரியும். கமர்ஷியல் பிளைக்குப் போடும் யூரியா பசை வெளிறிப்போயிருக்கும். நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் சந்தேகப்பட அது போதும்.

வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, அறுத்த துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்தவர் துண்டைக் கையில்கூட வாங்கவில்லை.

“மரம்னா இயற்கைப் பொருள் மேடம், அப்படி இப்படித்தான் இருக்கும். அதுவும் அறுத்தாச்சு. அறுத்த ஷீட்ட கம்பெனியே எடுக்காது.”

“அறுக்காம எப்படிங்க உள்ள இருக்கிறது தெரியும்?”

“சார வரச் சொல்லுங்க மேடம், நான் அவர்கிட்ட பேசிக்கிறேன்.”

இந்த வார்த்தை எனக்கு இன்னும் ஆறவில்லை. ஷீட்டைத் தேர்ந்தெடுத்து, பேரம் பேசி, என் கணக்கிலிருந்து பணம் அனுப்பியது நான். பணம் வாங்கும்போது யாரும் சாரைக் கேட்கவில்லை.

அடுத்த சிக்கல் பில். ஷீட் எடுத்த அன்று அவர்கள் கொடுத்தது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட துண்டுச்சீட்டு. ஜி.எஸ்.டி. பில் வண்டியோடு வரும் என்றார்கள், வரவில்லை. பிறகு கேட்டால் அக்கவுண்டன்ட் லீவு, சிஸ்டம் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாங்க. சித்திரை வெயிலில் வெறுங்கையோடு திரும்பியதுதான் மிச்சம். கடைசியில் பில்லை நீட்டியபோது அதில் இருந்தது ‘பிளைவுட் 19 எம்.எம்.’ என்ற ஒற்றை வரி. கம்பெனி பெயர் இல்லை, 710 இல்லை, மெரைன் என்ற சொல்லே இல்லை. அந்தப் பில்லை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனியிடமும் எதுவும் கேட்க முடியாது. அது தெரிந்துதான் அப்படிப் போடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

அங்கேயே நின்றேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிக நடவடிக்கை என்று தெளிவாகவே இருக்கிறது. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம். இதைச் சத்தம் போடாமல்தான் சொன்னேன். பக்கத்தில் வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருந்ததால் கடைக்காரர் சட்டென்று இறங்கி வந்தார். கம்பெனி பெயர், கிரேடு, அளவு, எண்ணிக்கை எல்லாம் போட்டுப் புது பில் அடித்துக் கொடுத்தார். அது கைக்கு வந்த அன்றுதான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

இங்கே முக்கியமான ஒன்று. ஒவ்வொரு ஷீட்டிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை அடித்திருக்கும். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். எண், கீழே ‘சி.எம்./எல்’ என்று தொடங்கும் உரிம எண். ஆசாரிகள் அறுக்கும்போது அந்தப் பகுதி எந்தத் துண்டில் போகிறது என்று பார்க்க மாட்டார்கள். மேலே மைக்கா ஒட்டிவிட்டால் ஆதாரமே மறைந்துவிடும். ஷீட் இறங்கியதும் ஒவ்வொன்றின் முத்திரையையும் போட்டோ எடுங்கள், முத்திரை உள்ள துண்டைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எங்கள் அண்ணன் அந்தத் துண்டுகளைக் குப்பையில் போடாமல் பால்கனியில் அடுக்கி வைத்திருந்தார். என் புகார் நின்றதே அந்தத் துண்டுகளின் மேல்தான்.

அந்த உரிம எண்ணை, முத்திரைக்கு உரிமம் கொடுக்கிற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பி.ஐ.எஸ்.) பி.ஐ.எஸ். கேர் என்ற மொபைல் செயலியில் போட்டுப் பார்த்தேன். எந்தத் தொழிற்சாலைக்கு, எந்தத் தர எண்ணுக்கு உரிமம், இப்போது நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். உரிமம் உண்மையானது, நடப்பிலும் இருந்தது. போலி முத்திரையாக இருந்தால் கம்பெனி ‘எங்கள் சரக்கே இல்லை’ என்று கைகழுவியிருக்கும். உண்மையான உரிமம் என்பதால் தப்பிக்க வழியில்லை. அதே செயலியில் தரம் பற்றிய புகாரும் பதிவு செய்தேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட பொருள் தர நிர்ணயத்துக்குப் பொருந்தாவிட்டால் உரிமம் வைத்திருப்பவர் இழப்பீடு தர வேண்டும் என்று பி.ஐ.எஸ். சட்டம் 2016 சொல்கிறது. நிறைய பேருக்கு இது தெரிவதில்லை.

கம்பெனிக்கு மெயில் போட்டேன், தானியங்கிப் பதிலோடு சரி. பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். தமிழிலேயே பேசலாம். பில், போட்டோக்களைப் பதிவேற்றச் சொல்லி ஒரு புகார் எண் கொடுத்தார்கள். இவர்கள் தீர்ப்பு எதுவும் சொல்ல மாட்டார்கள், நம் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், அவ்வளவுதான். ஆனால் மெயிலுக்கு அசையாத கம்பெனி, அந்தப் புகார் எண் போனதும் ஆளை அனுப்பி வைத்தது.

வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். துண்டுகளைப் பார்த்தார், போட்டோ எடுத்தார்.

“கேப் அலவபிள் லிமிட்டுக்குள்ளதான் இருக்கு மேடம்.”

“லிமிட் எவ்வளவு சார்? இது எவ்வளவுன்னு அளந்து எழுதிக் கொடுத்துருங்க.”

அளக்க அவரிடம் ஒரு டேப்கூட இல்லை. அண்ணன் தன் ஸ்கேலை நீட்டினார். அவர் வாங்கவில்லை. “கார்பெண்டர் தண்ணி பட விட்டிருப்பார், விளிம்ப சீல் பண்ணாம விட்டிருப்பார்” என்று பேச்சு அண்ணன் பக்கம் திரும்பியது. முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிற மனிதர், முகம் சுருங்கிப்போய் நின்றார். எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

அவர் வருகிறார் என்று தெரிந்ததால், முத்திரை இருந்த ஒரு பெரிய துண்டைப் பாதியாக அறுக்கச் சொல்லி, முத்திரையில்லாத பாதியைக் காலையிலேயே பழைய இட்லிப் பானையில் கொதிக்கப் போட்டிருந்தேன். 72 மணி நேரமெல்லாம் இல்லை, மதியம் வரைதான். எடுத்து அவர் முன்னால் வைத்தேன். விளிம்பு உப்பி, மூலையில் ஏடுகள் விரிந்திருந்தன. நகத்தால் நெம்பினாலே மேல் ஏடு பிரிந்து வந்தது.

“வீட்ல வேக வைக்கிறதெல்லாம் டெஸ்ட் ஆகாது மேடம்.”

“ஒத்துக்கிறேன் சார். அப்ப இந்த இன்னொரு பாதிய ரெண்டா அறுப்போம். ரெண்டையும் கவர்ல போட்டு ஒட்டி, நீங்களும் நானும் கையெழுத்துப் போடுவோம். ஒண்ண நீங்க லேபுக்கு அனுப்புங்க. ஒண்ணு என்கிட்ட இருக்கட்டும், கன்ஸ்யூமர் கமிஷன்ல கேட்டா குடுக்கிறேன்.”

அவர் வெளியே போய் நீண்ட நேரம் போன் பேசினார். திரும்பி வந்தபோது லிமிட் பேச்சும் இல்லை, தண்ணீர் பேச்சும் இல்லை. “மேனேஜ்மென்ட்ல பேசி மாத்தித் தரச் சொல்றேன்” என்றார். கவரிலும் கையெழுத்துப் போட்டார். அண்ணனைப் பார்த்தேன். ஸ்கேலைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் அறுக்காத ஷீட்டுகளை மட்டும் மாற்றித் தருவதாக மெயில் வந்தது. கோளாறு தெரிந்ததே அறுத்த ஷீட்டில்தான், அதை விட்டுவிட்டு மற்றதை மாற்றுவதில் என்ன நியாயம் என்று எழுதினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை, குறையைக் கண்டுபிடிக்கச் சோதனை தேவை என்றால் மாதிரியை ஆணையமே லேபுக்கு அனுப்பும் என்பதையும் சேர்த்தே எழுதினேன். 11 ஷீட்டும் மாறின.

புது ஷீட் வந்தபோது வண்டியிலிருந்து இறக்க விடவில்லை. அண்ணன் ஒவ்வொன்றின் நாலு விளிம்பையும் டார்ச் அடித்துப் பார்த்தார், பரப்பு முழுக்க ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தார். உள்ளே வெற்றிடம் இருந்தால் அந்த இடத்தில் சத்தம் மாறும். ஒரு ஷீட்டில் மாறியது, அதை அப்படியே திருப்பி அனுப்பினோம். கடைப் பையன் முணுமுணுத்தான், அண்ணன் கண்டுகொள்ளவில்லை. பதில் ஷீட் வந்ததும் அதையும் தட்டிப் பார்த்துத்தான் உள்ளே எடுத்தார்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஷீட்டை ஒப்படைக்கும்போது ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். பொருள் பெற்றுக்கொண்டேன் என்பதற்குக் கீழே, ‘இத்துடன் என் கோரிக்கைகள் அனைத்தும் முழுமையாகத் தீர்ந்தன’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி. பழைய ஷீட்டை அறுத்து, மைக்கா ஒட்டி, மாட்டி, மறுபடி கழற்றியதற்கு அண்ணனுக்குக் கூலி கொடுத்தது நான். மைக்காவும் வீண். அதைப் பற்றி அவர்கள் வாயே திறக்கவில்லை. அந்த வரியைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் ‘ஷீட்டுகள் மட்டும் பெற்றுக்கொண்டேன், கூலி, மைக்கா செலவு பாக்கி’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, அந்தத் தாளைப் போட்டோவும் எடுத்துக்கொண்டேன். 1915-இலிருந்து பிரச்சினை தீர்ந்ததா என்று கேட்டபோதும் ‘பாதி’ என்றே பதிவு செய்யச் சொன்னேன்.

கூலிக்கும் மைக்காவுக்கும் கணக்கு எழுதி, அண்ணனிடம் ரசீது வாங்கிக் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட கவர் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.