ஒரே தலை, வேற வேற வால்

ஜூன் 2, ஞாயிறு

காஃபீன் பொம்மை (காப்பில இருக்கற அந்த மூலக்கூற குரோஷே கொக்கியால நூல்ல பின்னறேன்) இன்னிக்கு முடிஞ்சுது, அதாவது அத நான் கைவிட்டேன். கார்பன் 8, ஹைட்ரஜன் 10, நைட்ரஜன் 4, ஆக்சிஜன் 2, அணுவுக்கு ஒண்ணா மொத்தம் 24 உருண்டை, மூணு வாரமா கிடைச்ச நேரத்துல எல்லாம் பின்னி, பஞ்சு வச்சு, ஒண்ணோட ஒண்ணு தச்சு நிமிர்த்திப் பார்த்தா தொபுக்குன்னு மடங்கி விழுது. அதுல இருக்கிற ரெண்டு வளையமும் தட்டையா இருக்கணும், நூல் உருண்டைக்கு அதெல்லாம் தெரியுமா, கொத்தா தொங்குது, பாக்கறவங்க திராட்சையான்னு கேப்பாங்க. சேஃப்டி கண் (பொம்மைக்கு மாட்டற பிளாஸ்டிக் கண்) வேற ஒரு கார்பன்ல மாட்டி வச்சிருக்கேன், அது என்ன பாவமா பாக்குது.

இன்னொரு கொடுமை கறுப்பு நூல். கார்பன்னா கறுப்புன்னு ஒரு வழக்கம் இருக்கே, அதுக்காக கறுப்புலயே எட்டு உருண்டை, ராத்திரி டியூப் லைட்டுல கறுப்பு நூல்ல கண்ணி எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும், விரல் நுனியால தடவித் தடவித்தான் கொக்கிய விட்டேன். இந்த வழக்கத்த ஆரம்பிச்சது ஹாஃப்மன்னு ஒரு ஜெர்மன் வேதியியல்காரர். 1865ல லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன்ல பேசும்போது குரோக்கே விளையாடற மரப்பந்துகள குச்சியில கோத்து மூலக்கூறு காட்டினாராம், கார்பன் கறுப்பு, ஹைட்ரஜன் வெள்ளை, ஆக்சிஜன் சிவப்பு, நைட்ரஜன் நீலம். அந்த குரோக்கே, நம்ம குரோஷே ரெண்டும் கொக்கின்னு அர்த்தம் வர்ற ஒரே பிரெஞ்சு வேர்ல இருந்து வந்ததுன்னு சொல்றாங்க, அதப் படிச்சதும் அவர மன்னிச்சிட்டேன். ஆனா இனிமே கார்பன் எனக்கு காப்பிக்கொட்டைக் கலர்தான்.

ஜூன் 5

வேற ஏதோ பண்ணப் போய் ஒண்ணு கிடைச்சுது.

உருண்டையோ வட்டமோ பின்னறவங்களுக்கு இது தெரியும், மேஜிக் ரிங்ல (இழுத்து மூடற நூல் வளையம்) 6 சிங்கிள் (குரோஷேல சாதாரணக் கண்ணி), அடுத்த சுத்துல 12, அப்புறம் 18, 24, ஒவ்வொரு சுத்துக்கும் ஆறு ஆறா கூட்டிக்கிட்டே போகணும். கூட்டற இடத்த சுத்துக்கு சுத்து கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்டாதான் வட்டமா வரும். நான் போன்ல யார்கிட்டயோ பேசிக்கிட்டே பின்னினதுல ஒரே இடத்துக்கு மேலயே கூட்டிக்கிட்டு வந்திருக்கேன், 36 கண்ணி வந்தப்புறம் பார்த்தா வட்டம் இல்ல, ஆறு மூலை! எத்தன தரம் இந்தத் தப்பப் பண்ணிட்டு பிரிச்சுப் போட்டிருப்பேன், இன்னிக்குதான் மண்டையில உறைச்சுது, இது பென்சீன் வளையம்! ஒவ்வொரு மூலையும் ஒரு கார்பன். ஆறு உருண்டையத் தச்சு தட்டையா நிக்க வைக்க நான் பட்ட பாடு என்ன, நூல் தானா ஆறு மூலைய எடுத்து நீட்டுது.

பென்சீன் வளையம்னு கெக்குலேங்கற ஜெர்மன் வேதியியல்காரர் எழுதினதும் அதே 1865ல. பாம்பு தன் வாலையே கவ்வற மாதிரி கனவு கண்டேன்னு 25 வருஷம் கழிச்சு, 1890ல, ஒரு விழாவுல சொன்னார். மேஜிக் ரிங் போடும்போதும் நூலோட வால இழுத்துத்தான் வளையத்த மூடறோம், என்ன, அவருக்கு கனவுல வந்தது எனக்கு போன் பேசும்போது வந்துச்சு.

ஜூன் 9, ஞாயிறு

தலை ரெடி. ரெண்டு அறுகோணம் பின்னி, நடுவுல பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டைய அதே வடிவத்துல வெட்டி வச்சு, ரெண்டு பக்கமும் பேருக்கு பஞ்சு வச்சு (கூடப் போனா உப்பி தலகாணி ஆயிடுது), ஓரத்த சிங்கிள்ல சேர்த்து மூடிட்டேன். மூலை ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. கீழ் மூலைதான் தாடை. உச்சியில ஓஎச், அதாவது சிவப்பு உருண்டை மேல சின்ன வெள்ளை உருண்டை, தொப்பி மாதிரி. அதுக்குப் பக்கத்து மூலையில மீத்தாக்ஸி, சிவப்பு, அப்புறம் காப்பிக்கலர், ஒத்தைக் காதுல ஜிமிக்கி போட்ட மாதிரி தொங்குது. தாடையில இருந்து ஒரு கார்பன், அதுல ஒரு ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன். முடிஞ்சுது, வெனிலின்! வெனிலா வாசனையே இதான்.

வளையத்து ஹைட்ரஜன் ஒண்ணையும் போடல. இது பொம்மை, பரீட்சை இல்ல.

சரி, இப்ப இந்த எல்லாத்தையும் ஏன் பண்றேன்னா, எம்.எஸ்சி படிக்கும்போது யாரும் சொல்லித் தராம ஒரு நாள் புத்தகத்தப் புரட்டறப்ப நானே பார்த்த விஷயம் இது. வெனிலா, கிராம்பு, இஞ்சி, மிளகாய், நாலுக்கும் தலை ஒண்ணுதான். அதே அறுகோணம், அதே தொப்பி, அதே ஜிமிக்கி. வால் மட்டும் வேற. வெனிலினுக்கு ஒத்தைக் கார்பன் வால், கிராம்போட யூஜினாலுக்கு மூணு, இஞ்சியோட ஜிஞ்சராலுக்கு பத்து, மிளகாயோட கேப்சைசினுக்கு அதவிட நீளம், நடுவுல ஒரு நைட்ரஜன் வேற. ஐஸ்கிரீம்ல வர்றதும் கண்ணுல தண்ணி வர வைக்கிறதும் ஒண்ணுக்கொண்ணு சொந்தம். இதுல கற்பனை ஒண்ணும் இல்ல, மிளகாய்ச்செடி உள்ளுக்குள்ள வெனிலின செஞ்சு, அதோட வால மாத்தித்தான் கேப்சைசின் ஆக்குது. நான் இப்ப பண்ணப் போறத அது எவ்வளவோ காலமா பண்ணிக்கிட்டு இருக்கு.

ஜூன் 10

தலை மட்டும் மூணு பின்னினேன். கை வலி.

ஜூன் 14

வாலுக்கு என்ன பண்றதுன்னு நாலு நாள் மண்டைய உடைச்சுக்கிட்டேன். கார்பன் சங்கிலி வளைஞ்சு வளைஞ்சு போகணும், மேல ஒரு முனை, கீழ ஒரு முனை, ஒவ்வொரு முனையும் ஒரு கார்பன். உருண்டையா கோத்தா திரும்பவும் திராட்சைக் கொத்துதான். அப்புறம் பார்த்தா என் பழைய போர்வையிலயே விடை இருக்கு, அலை அலையா பின்னுவோமே அந்த செவ்ரான் டிசைன். ஒரே கண்ணியில மூணு சிங்கிள் போட்டா மேல முனை எழும்பும், ரெண்டு மூணு கண்ணிய சேர்த்து ஒண்ணாக்கினா கீழ பள்ளம் விழும். அகலம் நாலு வரிசை போதும், பட்டையா நல்லா நிக்குது. இரட்டைப் பிணைப்பு வர்ற இடத்துல மட்டும் மேலாப்புல இன்னொரு கோடு, சர்ஃபேஸ் குரோஷேல மஞ்சள் நூல்.

முதல்ல கிராம்பு. மூணே கார்பன், கடைசி ரெண்டுக்கும் நடுவுல மஞ்சள் கோடு. பின்னித் தச்சு கண்ணும் மாட்டினப்புறம்தான் பார்த்தேன், கோட்ட தலைக்கு ஒட்டின பக்கம் போட்டிருக்கேன். பிரிக்கலாம்னு கத்தரிய எடுத்துட்டு, ஒரு நிமிஷம் இரு, இப்படியும் ஒண்ணு இருக்கேன்னு தோணிச்சு. ஐசோயூஜினால்! ஜாதிக்காய்ல இருக்கு. தப்பாப் பின்னினாலும் ஏதோ ஒரு மசாலா வந்து நிக்குது, இந்தக் குடும்பம் அப்படி. பிரிக்கல, கிராம்புக்கு வேற வால் பின்னியாச்சு.

மிளகாய் வால் ரெண்டு ராத்திரி. தாடையில இருந்து கார்பன், நீல நைட்ரஜன், அப்புறம் தலைக்கு மேல சிவப்பு ஆக்சிஜன் வச்ச கார்பன், அப்புறம் நாலு கார்பன், மஞ்சள் கோடு, கடைசியில பாம்பு நாக்கு மாதிரி ரெண்டாப் பிரியுது. நீளமான எண்ணெய்ப்பசை வால், அதனாலதான் காரம் பட்டா தண்ணி குடிச்சு ஒண்ணும் ஆகாது, பால்தான் கேக்கும். அப்புறம், இது சூடு பட்டா அலறுற நரம்போட கதவையே திறந்துடும், 43 டிகிரிக்கு மேல போனா திறக்கற கதவு அது, அதனால நாக்கு வெந்துபோச்சுன்னு மூளை நம்புது. டேவிட் ஜூலியஸ் அத 1997ல கண்டுபிடிச்சார், 2021ல நோபல் வாங்கினார். அந்தக் கதவோட பேருக்குள்ளயே வெனிலாய்டுன்னு இருக்கு, தலைக்குக் கிடைச்ச மரியாதை.

என் மிளகாய் பொம்மைக்குப் புருவம் ரெண்டும் கோவமா தச்சிருக்கேன், வால் மேஜைய விட்டு கீழ தொங்குது.

ஜூன் 16, ஞாயிறு

அக்கா பொண்ணு லீவுக்கு வந்திருக்கா. வந்ததும் வராததுமா எல்லா பொம்மையையும் வரிசையா உக்கார வச்சுட்டா. "சித்தி, எல்லாரும் ஒரே மூஞ்சியா இருக்காங்க." அத நான் சொல்லாமலே கண்டுபிடிச்சுட்டா, அதுக்கே ஒரு பொம்மை கொடுக்கலாம்.

கத்துக் கொடுங்கன்னு உக்காந்தா, பக்கத்துல உக்கார வச்சு காமிச்சா கொக்கி சிக்கிக்கிட்டே இருக்கு. பத்து நிமிஷம் கழிச்சுதான் எனக்கு உறைச்சுது, பொண்ணு இடதுகை. எதிர்ல வந்து உக்காருடின்னு சொன்னேன், கண்ணாடியப் பாக்கற மாதிரி என்னப் பார்த்துக்கிட்டே போடுன்னேன், அவ்வளவுதான், பிடிச்சுக்கிட்டா. என் சுத்து கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமா ஓடுது, அவளுது கடிகாரம் போற பக்கமா. ரெண்டு பேர் அறுகோணத்தையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா கண்ணிகள் சாயறது கூட நேர் எதிர் எதிரா இருக்கு.

ஜூன் 20

இஞ்சி. இதுக்காகத்தான் இத்தன நாளும்னு சொல்லலாம்.

இஞ்சி காஞ்சு சுக்காகும்போது ஜிஞ்சரால்ல இருந்து ஒரு தண்ணி மூலக்கூறு கழண்டு போயிடும், மிச்சம் இருக்கறது ஷோகால், அதுக்கு காரம் கூடுதல். ஜப்பான் மொழியில இஞ்சிக்கு ஷோகான்னு பேர், அதுல இருந்து வந்த பேர் இது (இப்படி நூல்ல பின்னற பொம்மைக்கு அமிகுருமின்னு பேர், அந்த வார்த்தையும் அங்க இருந்துதான், அதனால இந்த பொம்மைக்கு ரெண்டு வகையில ஜப்பான் சொந்தம்). இத பொம்மையில காட்டணும்னு ஆசை. வால்ல தாடையில இருந்து அஞ்சாவது முனையில ஓஎச் இருக்கு, அத டிச் பட்டன்ல மாட்டினேன். அதுக்கு முன்னாடி நாலாவது முனையில ஒரே ஒரு ஹைட்ரஜன், அதுவும் டிச் பட்டன்ல. அந்த ரெண்டு பட்டனையும் பிச்சு எடுத்தா, எடுத்த உருண்டைகள ஒண்ணோட ஒண்ணு மாட்டலாம், சிவப்புக்கு ரெண்டு பக்கம் வெள்ளை, குட்டித் தண்ணி பொம்மை! வால்ல காலியான ரெண்டு பட்டனுக்கும் குறுக்க ஒரு மஞ்சள் பட்டை மாட்டினா இரட்டைப் பிணைப்பு. இஞ்சி சுக்காயிடுச்சு.

சொல்றதுக்கு நல்லாத்தான் இருக்கு. பட்டன் தைக்க மூணு மணி நேரம், முதல் தரம் ஆண் பட்டன் ரெண்டையும் ஒரே பக்கம் தச்சு வச்சுட்டு ஏன் மாட்ட மாட்டேங்குதுன்னு அழுத்திக்கிட்டு இருந்தேன். அக்கா பொண்ணு வாங்கிப் பார்த்துட்டு, "சித்தி, ரெண்டும் குமிழ்" அப்படின்னா. இப்ப நாள் பூரா டப் டப்னு அதக் கழட்டி மாட்டிக்கிட்டு இருக்கா, தண்ணி பொம்மை ஏற்கனவே ரெண்டு தரம் சோபாவுக்கு அடியில போயாச்சு.

ஜூன் 23, ஞாயிறு

அவ தனியா ஒரு வெனிலின் பின்னிட்டா. ஜிமிக்கி என்னுதுல வலப்பக்கம், அவளுதுல இடப்பக்கம். "அப்ப இது வேற மூலக்கூறா?"

நல்ல கேள்வி. அவளுதத் திருப்பி முதுகு தெரியற மாதிரி வச்சேன், ஜிமிக்கி இந்தப் பக்கம் வந்துடுச்சு. கண்ண மட்டும் எடுத்துட்டா ரெண்டும் ஒண்ணுதான், தட்டையான மூலக்கூறுக்கு இடம் வலம் கிடையாது. அவளுக்கு முகம் வாடிப் போச்சு, தனக்குன்னு ஒண்ணு வந்திருக்குன்னு நினைச்சிருப்பா போல.

அதனால கார்வோன். இந்தக் குடும்பம் இல்ல, ஆனா அறுகோணம் இருக்கு. உச்சியில ஒரு மீத்தைல் (ஒத்தைக் கார்பன்), பக்கத்து மூலையில ஆக்சிஜன், தாடையில மூணு கார்பன் தாடி. அந்த தாடி வளையத்தோட தளத்துல இல்லாம முன்னால நீட்டிக்கிட்டு இருக்கணும், விஷயமே அங்கதான். திருப்பிப் போட்டா ஆக்சிஜன் பக்கம் மாறும், ஆனா தாடி முதுகுப்பக்கம் போயிடும், எப்படிப் புரட்டினாலும் இடதுகைச் செருப்பும் வலதுகைச் செருப்பும் மாதிரி... சே, செருப்பு கால்ல, கையுறைன்னு வச்சுக்கங்க. ஒரு கைக்கார்வோன் ஸ்பியர்மின்ட் புதினா வாசனை, மறு கைக்கார்வோன் கேரவே விதை வாசனை, அதான் சீரகம் மாதிரியே இருக்குமே அது. எழுதிப் பார்த்தா அணு எண்ணிக்கை அச்சு அசல் ஒண்ணு. வாசனை வித்தியாசம் கலப்படத்தாலன்னு கூட சந்தேகப்பட்டாங்க, 1971லதான் சுத்தமா பிரிச்சு முகர்ந்து பார்த்து உறுதி பண்ணினாங்க. நம்ம மூக்குக்கும் இடம் வலம் தெரியும்.

(ஆரஞ்சு ஒரு கை, எலுமிச்சை மறு கைன்னு லிமோனினப் பத்தியும் ஒரு கதை சுத்துது. அது சரியில்ல, எலுமிச்சையிலயும் பெரும்பாலும் ஆரஞ்சுல இருக்கற அதே கைதான். எலுமிச்சை மணம் முக்கியமா சிட்ரால்னால.)

நான் ஒண்ணு, அவ ஒண்ணு, எதிர் எதிரா உக்காந்து ஆரம்பிச்சாச்சு.

ஜூன் 27

ரெண்டு கார்வோனும் முடிஞ்சுது. எது எதுன்னு புத்தகப் படத்த வச்சு ரெண்டு தரம் சரி பார்த்துட்டேன், அவளோடதுதான் புதினா. இதுக்கு அவ குதிச்ச குதி!

முதுகுல சின்னதா ஒரு பை பின்னி, அவளுதுல காஞ்ச புதினா, என்னுதுல கேரவே விதை போட்டு வச்சோம். காப்பிக்கலர் நூல் இந்த ரெண்டோட தீர்ந்துபோச்சு, காஃபீன உருண்டை உருண்டையாப் பிரிச்சு அந்தக் கறுப்பு நூல என்ன பண்றதுன்னு பாக்கணும்.

ராத்திரி விளக்க அணைக்கப் போனப்ப சும்மா என் பொம்மைய எடுத்து முகர்ந்தேன், புதினா வாசனை. அவளுத எடுத்தா கேரவே. திரும்பிப் பார்த்தா போர்வைக்குள்ள இருந்து குலுங்கிக் குலுங்கி சிரிக்கிற சத்தம்.