சம்பளம் எவ்வளவு எண்டு வாய் திறக்காதை

பெரியப்பா யாரிடமாவது உதவி கேட்டு போன் எடுத்தால் எழும்பி நின்றுதான் கதைப்பார். 2012ஆம் ஆண்டு ஒரு பின்னேரம், கொழும்பு வெள்ளவத்தை வீட்டின் விறாந்தையில் இருபது நிமிடம் அப்படி நின்றார். மற்றப் பக்கத்தில் இருந்தவர் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் பருப்பும் வெங்காயமும் செத்தல் மிளகாயும் இறக்குமதி செய்கிற முதலாளி. பெரியம்மாவின் அண்ணாவும் அவரும் சம்பந்திகள். அவருடைய சீனி வருத்தம், கனடாவில் இருக்கும் மகன், ஊர்க் கோயில் திருவிழா என்று எல்லாம் கதைத்து முடித்து, கடைசி ஒரு நிமிடத்தில்தான் நான் வந்தேன். "எங்கட பெடியன் ஒருத்தன் வந்து நிக்கிறான். கணக்குப் படிச்சவன். பாத்து ஏதும் செய்யுங்கோ."

போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "திங்கட்கிழமை ஒம்பது மணிக்குப் போ. சம்பளம் எவ்வளவு எண்டு நீ வாய் திறக்காதை. அவர் பாத்துத் தருவார்."

அதற்கு முன் மூன்று மாதம் ஞாயிறு பத்திரிகைகளில் வந்த விளம்பரங்களைப் பார்த்து விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஏ.ஏ.ரி. என்ற கணக்கியல் படிப்பைப் பாதி முடித்திருந்தேன். சிங்களம் கடைக்குப் போய்ச் சாமான் வாங்குமளவுக்குத்தான் தெரியும். ஒரு இடத்திலிருந்தும் கடிதம் வரவில்லை. என் சி.வி.யின் கடைசிப் பக்கத்தில், இங்கே எல்லோரும் எழுதுவதுபோல, "உறவினரல்லாத இருவர்" என்று ஒரு தலைப்பு இருந்தது. அதன் கீழே ஊரில் படிப்பித்த வாத்தியாரையும் கிராம சேவகரையும் போட்டிருந்தேன். அந்த இருவரையும் கொழும்பில் ஒருவருக்கும் தெரியாது. முதலாளி அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை. என் முகத்தைப் பார்த்தார், "அண்ணையின்ர சாயல் இருக்கு" என்றார். வேலை கிடைத்துவிட்டது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பெரியப்பா உறவை ஏன் அவ்வளவு நம்பினார் என்பது எனக்குத் தெரியும். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியா போன்ற இடங்களுக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்த யுத்த காலத்தில் பெரியப்பாவின் இரண்டறை வீட்டில் ஏழு பேர் பொலிஸ் பதிவில் இருந்தார்கள். சொந்தக்காரர் வீட்டு முகவரி இருந்தவர்கள் தங்கினார்கள், இல்லாதவர்கள் லொட்ஜில் கிடந்து பயந்தார்கள். அறை வாடகைக்குக் கேட்டாலும் வேலை கேட்டாலும் முதல் கேள்வி "ஆரைத் தெரியும்?" என்பதுதான். அந்த மனிதர் தன் வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்விக்குப் பதிலாக இருந்தவர்.

கடையில் நான் படித்தது ஏ.ஏ.ரி. புத்தகத்தில் இல்லை. காலை எட்டு மணிக்கெல்லாம் லொறி வந்து நிற்கும். நாட்டாமிமார் முதுகில் மூட்டை ஏற்றி, வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடுவார்கள். மிளகாய் மூட்டை இறங்கும் நாளில் தெருவே இருமும். வெளியூர்க் கடைக்காரர்கள் சாமானைக் கடனுக்கு எடுத்து, பின் திகதியிட்ட செக் தந்துவிட்டுப் போவார்கள். அந்தச் செக்குகளைத் திகதிப்படி அடுக்கி, உரிய நாளில் வங்கியில் போடுவதும், திரும்பி வந்தால் போன் எடுத்துக் கதைப்பதும் என் வேலை. யாருடைய செக் திரும்பும் என்பதை அவர் சாமான் எடுக்கும்போது பேரம் பேசுகிற விதத்திலேயே முதலாளி சொல்லிவிடுவார். பேரமே பேசாமல் எடுக்கிறவனிடம் கவனமாக இருக்கச் சொல்லுவார். இறக்குமதிச் சாமானுக்கு விசேட பண்ட வரி என்று ஒன்று 2007இல் வந்தது. பருப்புக்கும் வெங்காயத்துக்கும் கிலோவுக்கு இவ்வளவு என்று வர்த்தமானியில் போடுவார்கள். ஒரே இரவில் கூடும், குறையும். அப்படியான நாட்களில் முதலாளி விடியற்காலையிலேயே வந்து, விலைப் பலகையை அழித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

மாதம் 15,000 ரூபா. கடித உறையில் போட்டு, என் பெயரை எழுதித் தருவார். சம்பளத் துண்டு கிடையாது, நியமனக் கடிதமும் கிடையாது. நான் கேட்கவில்லை. ஒருநாள் கேட்கலாம் என்று எழும்புவேன், பெரியப்பா விறாந்தையில் எழும்பி நின்றது ஞாபகம் வரும், இருந்துவிடுவேன்.

நான் சேர்ந்து பத்தாவது மாதம், தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு தம்பி பில் போட வந்து சேர்ந்தான். பத்திரிகை விளம்பரம் பார்த்து, யாரையும் தெரியாமல் நேரே வந்தவன். சேர்ந்த அன்றே நியமனக் கடிதம் எழுதுவித்து வாங்கிக்கொண்டான். இரண்டாவது மாதம் சாப்பாட்டு நேரத்தில், பார்சலைப் பிரித்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணே, ஒங்க ஈ.பி.எவ். நம்பர் என்னா?"

இல்லை என்றேன். அவன் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டான்.

"எங்கம்மா கொழுந்து எடுக்கிற சம்பளத் துண்டுலயே அது வருதேண்ணே. ஒங்களுக்கு இல்லையா?"

கேலி செய்யவில்லை, உண்மையாகவே திகைத்துப்போனான். ஈ.பி.எவ். என்பது ஊழியர் சேமலாப நிதி. அதற்கு எட்டு வீதம் எங்கள் சம்பளத்தில் பிடிப்பார்கள், பன்னிரண்டு வீதம் முதலாளி போடவேண்டும், ஈ.ரி.எவ். என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னொரு மூன்று வீதமும் முதலாளியின் பொறுப்பு. தற்காலிகம், பயிற்சி என்ற பேதமில்லாமல் சேர்ந்த முதல் நாளிலிருந்து. இதெல்லாம் பரீட்சைக்கு நான் பாடமாக்கி எழுதிய விஷயம். அவனுக்கு அது தாயின் சம்பளத் துண்டிலிருந்து தெரிந்திருந்தது.

பெரியப்பாவிடம் சொன்னேன். "அவர் எங்கட ஆள். அவரிட்டப் போய் சட்டம் கதைக்கிறதே?" என்றார். குரலில் கோபத்தைவிடப் பயம் கூட இருந்தது. அந்த முறை ஊரிலிருந்து வந்த கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தில் ஒரு பெட்டியைத் தானே பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போய் முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தவர் அவர். நான் கேட்கப்போவது அந்த மாம்பழத்தையும் சேர்த்து என்று அவருக்குப் பட்டிருக்கும்.

இன்னும் இரண்டு மாதம் பொறுத்தேன். பதினான்கு மாதம் முடிந்த ஒரு சனிக்கிழமை, கடை பூட்டும் நேரம் முதலாளியிடம் கேட்டேன். கை நடுங்கியது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீ கேக்கேல்லைத் தம்பி. அண்ணையும் ஒண்டும் சொல்லேல்லை. ஒரு வருசத்தில வெளியில போயிடுவாய் எண்டு நினைச்சன்."

அடுத்த மாதத்திலிருந்து என் பெயரையும் சேர்த்தார். போன பதினான்கு மாதத்தைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. முதலாளி போடவேண்டிய பங்கு மட்டும் மாதம் 2,250 ரூபாப்படி 31,500 ரூபா. நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்தில் ஒரு முறைப்பாடு போட்டிருந்தால் கிடைத்திருக்கும். போடமுடியாது. சம்பந்தி வீட்டுக் கல்யாணத்தில் பெரியம்மா தலைகுனிந்து நிற்கவேண்டி வரும். அந்தத் தம்பிக்கு அப்படி ஒரு கல்யாணவீடு இல்லை, அதனால் அவனால் முதல் நாளே கேட்கமுடிந்தது. அன்றிலிருந்து நான் இதைத்தான் நம்புகிறேன்: சொந்தக்காரர் வாங்கித் தந்த வேலையில் நமக்கு முதலில் பறிபோவது வாய்.

பெரியப்பா இரண்டு கிழமை என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் இரவு, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, "நம்பர் தந்திட்டாரோ?" என்று மட்டும் கேட்டார். எழுதிக் காட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தார். அவர் இப்போது இல்லை.

அக்காவின் மகள் இந்த வருடம் படிப்பு முடித்து என் வீட்டில் வந்து நிற்கிறாள். நான் கணக்கு எழுதும் கம்பனிக்குப் பக்கத்தில் ஒரு அலுவலகத்தில் ஆள் எடுக்கிறார்கள், அங்கே மனேஜரை எனக்குத் தெரியும். போன் எடுத்தேன். நானும் எழும்பித்தான் நின்றேன் என்பது கதைத்து முடிந்த பிறகே தெரிந்தது. ஆனால் முதல் வசனத்திலேயே சொல்லிவிட்டேன்: என் மருமகள், சி.வி.யைப் பாருங்கள், பிடிக்காவிட்டால் வேண்டாம், சம்பளமும் ஈ.பி.எவ்.வும் அவளே கேட்பாள், அதற்காக என்னைக் குறை நினைக்கவேண்டாம்.

போகிற அன்று காலையில் ஒரு துண்டில் அவளைக் கொண்டே எழுதுவித்தேன். நியமனக் கடிதம் எப்போது, ஈ.பி.எவ். எந்த மாதத்திலிருந்து, வேலை எத்தனை மணிக்கு முடியும்.

"இதுகளைக் கேட்டா உங்களுக்குக் கூடாதே மாமா?"

"எனக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை. கேள்."

பின்னேரம் வந்தவள் செருப்பைக் கழற்றவும் முதலே சொன்னாள்: "மூண்டும் கேட்டன். கடிதம் எழுதி அனுப்புறம் எண்டவை." நான்கு நாளாகிறது. இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்த்துவிட்டு, அவளையே போன் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.