மைலன் ஓடுதளமும் ஒரு வீட்டுக் கணக்கு நோட்டும்

மிச்சிகனில் இத்தனை வருடம் குப்பை கொட்டியும், இரண்டு கார்கள் நேர்கோட்டில் மோதும் டிராக் ரேஸ் பக்கம் நான் தலைவைத்துப் படுத்ததில்லை. டெட்ராய்ட் புறநகரில் எங்கள் ஆட்கள் பலருக்குக் கார் கம்பெனி வேலைதான். ஆனால் சனி, ஞாயிறு வந்தால் கோயில், தமிழ்ச் சங்கம், காஸ்ட்கோ. போன கோடையில் ஊரிலிருந்து அப்பா வந்த பிறகுதான் அது மாறியது.

அப்பா மதுரையில் பெட்ரோல் அம்பாசிடரை வைத்து டாக்சி ஓட்டியவர். சின்ன ரிப்பேருக்கெல்லாம் மெக்கானிக்கிடம் போக மாட்டார். இங்கே வந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டும் சீரியல் பார்த்துக்கொண்டும் இருந்தவர், ஒரு சாயங்காலம் திடீரென்று தலையைத் தூக்கி, "எதிர் வீட்டு வண்டி மிஸ் அடிக்குதுடா" என்றார். நான் செருப்பைத் தேடுவதற்குள் தெருவைத் தாண்டிவிட்டார்.

எதிர் வீட்டுக்காரருக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல். கராஜில் நின்றது 1965 பான்டியாக் ஜிடிஓ. 389 கன அங்குல எஞ்சின், நம் கணக்கில் 6.4 லிட்டர். அப்பாவின் அம்பாசிடர் ஒன்றரை லிட்டர்தான். இதில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் ரோச்செஸ்டர் கார்புரேட்டர்கள் வரிசையாக மூன்று. சாதாரணமாக ஓட்டும்போது நடுவில் இருப்பது மட்டும் வேலை செய்யும். ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தினால் முன்னும் பின்னும் இருக்கும் இரண்டும் சேர்ந்துகொள்ளும். இந்தக் கார் பிறந்ததே ஒரு குறுக்கு வழியில்தான். நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸின் விதி. 1963-இல் பந்தயத்துக்கும் தலைமை தடை போட்டுவிட்டது. அதன் கிளையான பான்டியாக்கில் எஞ்சினியராக இருந்த ஜான் டெலோரியனும் அவருடைய ஆட்களும் பெரிய எஞ்சினைத் தனி மாடலாகக் காட்டாமல், டெம்பெஸ்ட் காருக்கான ஒரு 'ஆப்ஷன்' என்று எழுதி 1964 மாடலில் நுழைத்துவிட்டார்கள்.

அன்றைக்குத் தொல்லை பாயிண்டில் இருந்தது. பிளக்கில் பொறி வர மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சின்னத் தொடுமுனை அது. அம்பாசிடரில் எஞ்சினை நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டை விட்டு இடைவெளி வைக்க வேண்டும். கேஜ் இல்லையென்றால் அப்பாவுக்குப் போஸ்ட் கார்டு போதும். இந்தக் காரின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஒரு சின்ன உலோகக் கதவு இருக்கிறது. பெரியவர் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கதவைத் தூக்கி, ஆலன் கீயை உள்ளே விட்டு மெதுவாகத் திருப்பினார். எஞ்சின் திணறியது. அங்கிருந்து அரைச் சுற்று பின்னால் திருப்பினார். சத்தம் சீராகிவிட்டது. "ஓடுறப்பவே பாயிண்ட் வைக்கிறாருடா!" என்று அப்பா என் தோளில் அடித்தார். அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது, அவருக்குத் தமிழ் வராது. அப்பா அவரை 'சார்' என்று கூப்பிட, அவரும் அப்பாவை 'சார்' என்றே கூப்பிட ஆரம்பித்தார். அப்புறம் அப்பாவுக்குச் சீரியல் நினைவே வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பெரியவர் குடும்பம் மைலன் டிராக்வே என்ற ஓடுதளத்துக்குக் கிளம்பியபோது எங்களையும் கூப்பிட்டார்கள். ஆன் ஆர்பரைத் தாண்டி யூ.எஸ். 23 சாலையில் தெற்கே போனால் கொஞ்ச தூரம்தான். இரண்டு பக்கமும் சோளக் கொல்லை. பெரியவரும் மகளும் பேத்தியும் ஜிடிஓவில் முன்னால் போக, நாங்கள் பின்னால் போனோம். ஜிடிஓவின் புகை வாசனையில் அப்பாவுக்கு ஊர் நினைவு வந்துவிட்டது. இந்தக் காலத்துக் காரின் பின்னால் போனால் எந்த வாசனையும் வராது என்பதை ஒரு குறையாகவே சொன்னார்.

டிராக் ரேஸ் என்றால் வேகம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இது காத்திருக்கும் ஆட்டம். கால் மைல், அதாவது 1320 அடி, சுமார் 402 மீட்டர் நேர்கோடு. அதை ஓடி முடிக்கப் பதினைந்து வினாடிகூட ஆகாது. அந்தப் பதினைந்து வினாடிக்காக வரிசையில் முக்கால் மணி நேரம் நிற்கிறார்கள். நிற்கும்போது பானெட்டைத் திறந்து சூடு தணிக்கிறார்கள், டயரில் காற்று குறைக்கிறார்கள், மடக்கு நாற்காலி போட்டுச் சாண்ட்விச் சாப்பிடுகிறார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் ஒரு பாட்டி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். இவ்வளவு சத்தத்திலும் கண்ணை எடுக்கவில்லை.

ஓட்டுவது மகள், நாற்பதைத் தாண்டியவர். அப்பாக்காரர் எஞ்சினைப் பார்த்துக்கொள்கிறார். மூன்றாவது ஆள் ஒரு நோட்டு. ஸ்பைரல் போட்ட பள்ளிக்கூட நோட்டு, அட்டையில் கிரீஸ் கைரேகை. காலமாகிவிட்ட அவர் மனைவி தொடங்கி எழுதியது, வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருக்கிறதாம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வரி: தேதி, வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம், டயர் அழுத்தம், இக்னிஷன் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்), முதல் 60 அடிக்கு ஆன நேரம், மொத்த நேரம். வெக்கையும் ஈரமும் கூடினால் எஞ்சினுக்குள் போகும் ஆக்ஸிஜன் குறையும், கார் மந்தமாகும். அதனால் வானிலையும் கணக்கில் வரவேண்டும். எண்பதுகளின் ஒரு பக்கத்தில் 14.71 என்ற எண்ணுக்குக் கீழேயே பால், டயப்பர், ஸ்பார்க் பிளக் எட்டு என்று எழுதியிருந்தது. டயப்பர் தனக்குத்தான் என்றார் மகள்.

இவ்வளவு கணக்கு எதற்கு என்று கேட்டேன். பிராக்கெட் ரேஸ் என்று ஒரு வகை இருக்கிறது. ஓடுவதற்கு முன்பே உங்கள் கார் எத்தனை வினாடியில் முடிக்கும் என்று கண்ணாடியில் எழுதிவிட வேண்டும். நீங்கள் 14.60 என்று எழுதி, எதிராளி 11.60 என்று எழுதினால், உங்களுக்கு மூன்று வினாடி முன்னதாகப் பச்சை விழும். அப்படியென்றால் வேண்டுமென்றே அதிகமாக எழுதி ஏமாற்றலாமே? முடியாது. எழுதியதைவிட வேகமாக ஓடினால் தோல்வி. தன் வண்டியைச் சரியாகத் தெரிந்தவன்தான் ஜெயிப்பான். பணம் குறைந்த குடும்பமும் பழைய காரோடு இந்த ஆட்டத்தில் நிற்க முடிவது இதனால்தான். எனக்கு இந்த விதி ரொம்பவே பிடித்துப்போயிற்று.

அன்றைக்குப் போட்டி இல்லை, பயிற்சி ஓட்டம்தான். மகள் பின் டயரைத் தண்ணீரில் நனைத்துச் சுழற்றினார். வெள்ளைப் புகை. ரப்பர் சூடேறினால்தான் தரையைப் பிடிக்குமாம். விளக்குக் கம்பத்தில் மூன்று மஞ்சள் அரை வினாடி இடைவெளியில் இறங்கி, பிறகு பச்சை. பச்சையைப் பார்த்துக் கிளம்பினால் தாமதம். கடைசி மஞ்சளிலேயே கிளம்பிவிட வேண்டும். மூன்று கார்புரேட்டரும் திறந்தபோது வந்த சத்தம் காதுக்கு வரவில்லை, நெஞ்சுக்கூட்டில் இறங்கியது. ஓடி முடித்ததும் கொடுத்த நேரச் சீட்டில் 14.93 வினாடி. பெரியவர் டைமிங்கை இரண்டு டிகிரி முன்னால் தள்ளினார். வெயிலும் இறங்கியிருந்தது. அடுத்த ஓட்டம் 14.66. இரண்டையும் பேத்தி நோட்டில் எழுதினாள். அவளுக்குத் தனியாக ஒரு ஜூனியர் டிராக்ஸ்டர் இருக்கிறது. 1992-இல் அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. தொடங்கிய சிறுவர் பிரிவு அது. பாதி அளவு கார், பாதித் தூரம்.

காத்திருந்த நேரத்தில் பெரியவர் தன் பழைய கதைகளைச் சொன்னார். அவருடைய அப்பா பான்டியாக் தொழிற்சாலைத் தொழிலாளி. 1959-இல் டிராக் ரேஸ் தேசியப் போட்டி டெட்ராய்ட் டிராக்வேயில் நடந்தபோது மகனைக் கூட்டிப்போயிருக்கிறார். 1960-இலும் அங்கேயே நடந்து, 61-இல் இண்டியானாபொலிஸ் போய்விட்டது. அப்போது விளக்குக் கம்பம் கிடையாது, கொடி அசைப்பவர்தான். 'சிப்ளி அட் டிக்ஸ்' என்று அந்த இடத்தைச் சொல்லிக் கத்தும் ரேடியோ விளம்பரத்தை இன்னும் அப்படியே கத்திக் காட்டுகிறார். அந்த ஓடுதளம் இப்போது இல்லை. ஜிடிஓவை வாங்கியது 1974-இல், பழைய வண்டியாக. பெட்ரோல் நெருக்கடி வந்து, லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுக்கும் காரை யாரும் தொடாத காலம், சல்லிசாகக் கிடைத்திருக்கிறது.

மகளுக்கு நினைவிருப்பது குளிர்கால கராஜ். கையில் டார்ச். "வெளிச்சத்தை போல்ட்டுல காட்டு, என் மூஞ்சியில காட்டாதே!" இதை நான் மொழிபெயர்த்ததும் அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் அதே வசவு மதுரையில் கிடைத்திருக்கிறது.

அந்த கராஜ் சுவரில் ஷெர்லி மல்டௌனி படம் இருந்ததாம். டிராக் ரேஸிலேயே அதிவேகப் பிரிவான டாப் ஃப்யூவலில் 1977, 1980, 1982 என மூன்று முறை சாம்பியன் ஆனவர், மிச்சிகனில் குடியிருந்தவர். அவருடைய கார் வேலைகளைச் செய்த குழுவில் மகன் ஜானும் ஒருவர். அம்மா ஓட்ட, மகன் ஸ்பானர் பிடித்த குடும்பம்! பெண்ணுக்கு எதுக்கு இது என்று உறவினர் யாராவது கேட்டால் பெரியவரின் மனைவி அந்தப் படத்தைக் காட்டுவாராம்.

அன்றைக்கு ஒரே ஒரு சண்டைதான். பாயிண்டைத் தூக்கிப்போட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டலாம் என்கிறார் மகள். கூடவே கூடாது என்கிறார் பெரியவர். அப்பா நிச்சயம் பெரியவர் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். "எலக்ட்ரானிக் போட்டுருங்க சார், நடுரோட்டுல நிக்காது. நான் நின்னிருக்கேன்" என்றார். மொழிபெயர்த்துச் சொன்னது நான். பெரியவரின் முறைப்பு என் மேல்தான் விழுந்தது.

போக நினைப்பவர்களுக்கு: காது அடைப்பான் கட்டாயம், குழந்தைகளுக்குக் காதை மூடி மேலே மாட்டும் வகை. பயிற்சி ஓட்ட நாட்களில் கூட்டம் குறைவு, யாரிடமும் பேசலாம். பானெட்டைத் திறந்து வைத்திருந்தால் கேள்வி கேட்கலாம் என்று அர்த்தம். ஓடுதளம் வேண்டாம், பழைய கார்களைப் பார்த்தால் போதும் என்பவர்கள் ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை, பழைய கார்கள் உட்வர்ட் சாலையில் அணிவகுக்கும் உட்வர்ட் ட்ரீம் குரூஸுக்குப் போங்கள். 1995-இல் ஃபெர்ன்டேல் ஊர்க்காரர்கள் கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்டத் தொடங்கியது. சனிக்கிழமை நெரிசலில் கார்கள் ஊரும். அந்த வாரம் புதன், வியாழன் சாயங்காலமே ஒரு மடக்கு நாற்காலியோடு போய்விட்டால் கார்களை ஓட்டத்திலேயே பார்க்கலாம்.