நம்பி வாங்கிய பெயரை இனியும் நம்பலாமா?

என்னிடம் 16 ஆண்டுகளாக உழைக்கும் 13 மி.மீ. இம்பேக்ட் டிரில் (சுற்றுவதோடு தட்டியும் துளைக்கும் கருவி) ஒன்று இருக்கிறது. கான்கிரீட், கடின மரம், இரும்புத் தகடு என்று எல்லாவற்றையும் அதைக் கொண்டு துளைத்திருக்கிறேன். மூன்று முறை கார்பன் பிரஷ் (சுழலும் மோட்டாருக்கு மின்சாரத்தைக் கடத்தும் கரித்துண்டு), ஒருமுறை ஸ்விட்ச், ஒருமுறை சக் (துளையிடும் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி). இத்தனை ஆண்டுகளில் அதற்கு நான் செய்த செலவு அவ்வளவுதான். ஆகவே இரண்டாவதாக ஒரு டிரில் தேவைப்பட்டபோது வேறு எந்தப் பெயரையும் நான் ஆராயவில்லை. அதே நிறுவனம், அதே அளவு, ஏறக்குறைய அதே வாட் என்று பார்த்து வாங்கினேன். 14 மாதங்களில் அது நின்றுவிட்டது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பல ஆண்டுகள் நம்பிய ஒரு பெயரை அதே நம்பிக்கையோடு இனியும் வாங்கலாமா என்ற கேள்வி, கருவியைக் கையில் பிடித்து வேலை செய்யும் எல்லோருக்கும் என்றாவது ஒருநாள் வரக்கூடியது என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஸ்விட்சை அழுத்தினால் மோட்டார் சுற்றும் ஓசை கேட்டது, சக் மட்டும் அசையவில்லை. அதற்கு முன் சில வாரங்களாகவே துளை சரியான வட்டமாக விழாமல் சற்று அகன்று விழுந்துகொண்டிருந்தது. பிட் வளைந்திருக்கும் என்று நினைத்து அதை மாற்றிப் பார்த்தேனே தவிர, உள்ளே பிசகு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நின்றபிறகு அதைத் திறந்தேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பழைய டிரில்லையும் திறந்து இரண்டையும் அருகருகே வைத்தேன்.

பழையதில் கியர்ப் பெட்டி அலுமினிய வார்ப்பு. சக்கைத் தாங்கும் தண்டு, குண்டுகள் உருளும் பால் பேரிங்கில் சுழல்கிறது. மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மேச்சரின் இரு முனைகளிலும் பால் பேரிங்தான். புதியதில் கியர்ப் பெட்டி பிளாஸ்டிக். தண்டின் முன்பகுதியைத் தாங்கியிருந்தது ஒரு சாதாரண உலோக புஷ், அதாவது குண்டுகள் இல்லாத வெறும் வளையம். அதன் உட்புறத்தில் நகத்தை வைத்துச் சுற்றிப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பள்ளமாகி, வட்டமாக இருந்த துளை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. தண்டு அந்தப் பக்கமாகச் சாய்ந்ததால், பெரிய கியரின் பற்கள் ஆர்மேச்சரின் பற்களை முழு ஆழத்துக்குக் கவ்வாமல் நுனியில் மட்டும் உரசியிருக்கின்றன. பற்கள் வழித்தெடுத்தாற்போல் மழுங்கியிருந்தன. கிரீஸ் இரும்புத் துகள் கலந்து கறுத்துப்போயிருந்தது. நேராக அழுத்தித் துளைக்கும்வரை புஷ் தாங்கும். பக்கவாட்டில் தொடர்ந்து அழுத்தம் விழும் அன்றாட வேலைக்கு அது போதாது.

இதைவிட என்னை வருத்தியது அடுத்து நடந்தது. பழைய டிரில்லில் இருப்பது 608 என்ற எண் கொண்ட பேரிங்: உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ., அகலம் 7 மி.மீ. இது உலகெங்கும் ஒரே அளவில் செய்யப்படும் பொருள். எந்தப் பேரிங் நிறுவனத்தின் 608ஐயும் அதில் மாட்டலாம். புதிய டிரில்லின் புஷ்ஷுக்குத் தனி எண்ணே இல்லை. கியர்ப் பெட்டி முழுவதையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். தேய்ந்தது விரல்நுனி அளவு உலோக வளையம், மாற்றச் சொன்னது இயந்திரத்தின் முன்பாதி.

பிறகு விசாரித்தபோதுதான் நான் வாங்கியது வீட்டு உபயோக வரிசையைச் சேர்ந்தது என்று தெரிந்தது. ஒரே பெயரில் தொழில்முறை வரிசை ஒன்றும் வீட்டு வரிசை ஒன்றும் வைத்திருப்பது இத்துறையில் பழைய வழக்கம். பாஷ் நிறுவனம் இதை நிறத்தாலேயே பிரித்துக் காட்டுகிறது: தொழில்முறைக் கருவிகள் நீலம், வீட்டுக் கருவிகள் பச்சை. தொலைவிலிருந்து பார்த்தாலே எது எதற்கென்று தெரிந்துவிடும். எல்லோரும் இப்படிச் செய்வதில்லை. மாடல் எண்ணில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும், பெட்டியும் நிறமும் ஒன்றுபோலவே இருக்கும். பெயரைப் பார்த்த கண் அந்த எழுத்தைப் பார்க்கவில்லை என்பது என் தவறு. ஆனால் அந்தத் தவறு நிகழ இடம் வைத்தது, 16 ஆண்டுகள் நான் அந்தப் பெயர்மீது வைத்திருந்த நம்பிக்கை.

பெயர் என்பது ஒரு நிறுவனத்துக்குள்ளேயே எப்படி இடம் மாறும் என்பதற்கு பிளாக் அண்ட் டெக்கரின் வரலாறே போதும். 1910இல் அமெரிக்காவின் பால்டிமோரில் தொடங்கிய நிறுவனம் அது. துப்பாக்கியைப் போலக் கைப்பிடியும் விரலால் அழுத்தும் ஸ்விட்சும் வைத்த டிரில்லுக்கு 1917இல் காப்புரிமை பெற்றவர்கள் அவர்கள்தான். இன்று நாம் பிடிக்கும் ஒவ்வொரு டிரில்லும் அந்த வடிவத்தின் வழியில் வந்தது. 1960இல் டிவால்ட் நிறுவனத்தை வாங்கினார்கள். 1984இல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் சிறு வீட்டுச் சாதனப் பிரிவையும் வாங்கினார்கள். அதன்பின் ரொட்டி வாட்டும் கருவியிலும் இஸ்திரிப் பெட்டியிலும் காணப்பட்ட அந்தப் பெயரை, கட்டட வேலை செய்பவர்கள் தங்கள் கருவியில் பார்க்க விரும்பவில்லை. ஆகவே 1992 வாக்கில், தாங்கள் எப்போதோ வாங்கிவைத்திருந்த டிவால்ட் என்ற பெயரை எடுத்து, மஞ்சள் நிறம் பூசி, தொழில்முறை வரிசையாகக் கொண்டுவந்தார்கள். டிரில்லுக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்த நிறுவனமே, தொழிலாளர்களிடம் செல்ல வேறொரு பெயரைத் தேட வேண்டியிருந்தது. 2010இல் அது ஸ்டான்லியோடு இணைந்தது.

இதற்கு நேர்மாறாக, கருவி அப்படியே இருக்கப் பெயர் மட்டும் போனதும் உண்டு. ஹிட்டாச்சி பெயரில் மின்கருவிகள் செய்துவந்த ஹிட்டாச்சி கோகி 2017இல் கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு மாறியது; 2018இல் ஹிட்டாச்சி என்ற பெயர் நீங்கி ஹைகோகி என்றானது. வட அமெரிக்காவில் அதே கருவிகள் மெட்டாபோ எச்பிடி என்ற பெயரில் வருகின்றன. பெயரை மட்டும் பார்த்து வாங்கியவர் அதைப் புதிய நிறுவனம் என்று நினைத்து விலகியிருப்பார்; ஹிட்டாச்சியின் ஸ்லைடு வகை (பேட்டரியைச் சறுக்கி மாட்டும்) 18 வோல்ட் கருவி வைத்திருந்தவரோ ஹைகோகியின் பேட்டரியை அதில் மாட்டி வேலையைத் தொடர்ந்திருப்பார்.

உரிமையாளர் மாறினாலே தரம் போய்விடும் என்ற பேச்சையும் நான் ஏற்பதில்லை. 1924இல் தொடங்கிய மில்வாக்கி என்ற அமெரிக்கக் கருவி நிறுவனம், 2005இல் ஹாங்காங்கின் டெக்ட்ரானிக் நிறுவனத்துக்குக் கைமாறியது. அதற்குப் பின்புதான் எம்12, எம்18 என்ற அதன் பேட்டரி வரிசைகள் இத்தனை பெரிதாக வளர்ந்தன.

பேட்டரி என்று வந்துவிட்டால் கேள்வியே வேறாகிவிடுகிறது. வயர் உள்ள கருவியை வாங்குவது ஒருமுறை எடுக்கும் முடிவு. பிடிக்காவிட்டால் அடுத்ததை வேறொருவரிடம் வாங்கலாம். பேட்டரிக் கருவியில் முதலில் வாங்கும் டிரில், அடுத்து வரும் ஸ்க்ரூ டிரைவரையும் கிரைண்டரையும் ரம்பத்தையும் அப்போதே முடிவு செய்துவிடுகிறது. கருவியின் உடல் 10 ஆண்டுகள் உழைக்கும். லித்தியம் செல்கள் சும்மா இருந்தாலும் முதுமையடையும். எனவே அந்தப் பேட்டரியின் வடிவத்தை நிறுவனம் எத்தனை ஆண்டுகள் மாற்றாமல் வைத்திருக்கிறது என்பதே இங்கு நம்பிக்கையின் அளவுகோல். பழைய நிறுவனங்கள் இன்னும் மதிப்புக்குரியவை என்று நான் சொல்லும் இடமும் இதுதான். 1915இல் ஜப்பானின் நகோயாவில் மோட்டார்களைப் பழுதுபார்த்து விற்கும் தொழிலாகத் தொடங்கிய மகிட்டா, 2005இல் கொண்டுவந்த 18 வோல்ட் லித்தியம் வரிசையை இன்றுவரை கைவிடவில்லை. பின்னர் வந்த 40 வோல்ட் வரிசையில் 18 வோல்ட் பேட்டரி பொருந்தாது என்றபோதும், பழைய வரிசைக்கும் புதிய கருவிகள் வந்துகொண்டேயிருக்கின்றன.

வோல்ட் எண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 18 வோல்ட் பேட்டரிக்குள் 3.6 வோல்ட் செல்கள் ஐந்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தொடரில் இணைந்திருக்கும். முழுதாக ஏற்றியவுடன் அதே செல்கள் சுமை இல்லாத நிலையில் 20 வோல்ட்டுக்கு மேல் காட்டும். பெட்டியில் "20 வோல்ட் மேக்ஸ்" என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருப்பது அதே ஐந்து செல் வரிசைதான். இரண்டு வோல்ட் கூடுதல் என்று நினைத்து யாரும் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

புகழ்பெற்ற பெயர்களுக்குத்தான் போலிகளும் அதிகம். என் கைக்கு ஒருமுறை 6 ஆம்பியர்-மணி கொள்ளளவு என்று அச்சிட்ட போலி பேட்டரி வந்தது. ஒட்டிய தாள், எழுத்து, நிறம் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. தூக்கியதும் கை இலேசாக உணர்ந்தது. இத்தகைய பேட்டரிகளில் வழக்கமாக இருக்கும் 18650 என்ற உருளை செல் ஒன்று சுமார் 45 கிராம் எடையுள்ளது. அந்தக் கொள்ளளவுக்கு இத்தகைய செல்கள் ஐந்தைந்தாக இரு தொடர், மொத்தம் பத்து வேண்டும். அப்படியானால் செல்களே 450 கிராம் வர வேண்டும், வெளிக்கூடும் சர்க்யூட்டும் தனி. தராசில் வைத்தபோது மொத்தமே 400 கிராமைத் தொடவில்லை. திறந்தால் உள்ளே ஐந்தே செல்கள்.

கார்பன் பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாரைப் பற்றி எனக்கு இன்னும் இரு மனமாகவே இருக்கிறது. கார்பன் உரசல் இல்லாததால் சூடு குறைவு, ஒரு சார்ஜுக்குக் கிடைக்கும் வேலையும் அதிகம். பேட்டரிக் கருவியில் நான் அதைத்தான் வாங்குகிறேன். ஆனால் அதை இயக்கும் சர்க்யூட் பலகை பிசினில் புதைக்கப்பட்டிருக்கும். போனால் பலகை முழுவதையும் மாற்ற வேண்டும். வயர் உள்ள கிரைண்டரிலும் டிரில்லிலும், பிரஷ் போட்டதையே இன்றும் தேடி வாங்குகிறேன்.

ஆக, அந்தப் பழைய பெயரை நான் விட்டுவிடவில்லை. சென்ற ஆண்டு ஆங்கிள் கிரைண்டர் வாங்கியபோது அதே நிறுவனத்தின் தொழில்முறை வரிசையில்தான் வாங்கினேன். ஆனால் பெட்டியைத் தொடும் முன், பாகங்களைப் பிரித்துக் காட்டும் படத்தை எடுத்துவைத்து, பேரிங்குக்குத் தனி எண் இருக்கிறதா, ஆர்மேச்சரும் ஸ்விட்சும் தனியாகக் கிடைக்குமா என்று பார்த்தேன். இருந்தன, வாங்கினேன். அவர்களுடைய வீட்டு வரிசையை மட்டும் இனி வாங்கமாட்டேன். அந்தத் தரத்துக்கு அந்தப் பெயருக்கான விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

நின்றுபோன டிரில்லுக்கு லேத்தில் வெண்கல புஷ் ஒன்றைக் கடைந்து போட்டு, கியரையும் மாற்றி, மரத்தில் திருகு ஏற்றும் வேலைக்கு மட்டும் வைத்திருக்கிறேன். பழைய டிரில்லுக்கு இந்த வாரம் நான்காவது ஜோடி கார்பன் பிரஷ் மாட்டினேன். புதுக் கார்பனின் முனை, அது உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரின் வளைவுக்குப் பொருந்தும்வரை சுமையில்லாமல் சில நிமிடங்கள் ஓடவிட வேண்டும். முதலில் காற்றுத் துவாரங்கள் வழியே பெரிய பொறிகள் தெறித்தன. ஐந்து நிமிடத்தில் அவை சிறுத்து, உள்ளே மெல்லிய நீலக் கோடாக அடங்கின. கியர்ப் பெட்டிக்குப் புதுக் கிரீஸ் வைத்து மூடிவிட்டேன். நாளைக் காலை கான்கிரீட் வேலைக்கு அதைத்தான் எடுத்துப்போகிறேன்.