புலாவ் தெக்கோங்கில் படித்த கடிதம்

சிங்கப்பூரில் இளைஞர்களுக்குக் கட்டாயமான ராணுவப் பணிதான் தேசிய சேவை. அதன் இரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதி எனக்குப் புலாவ் தெக்கோங் தீவில் கழிந்தது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அடிப்படைப் பயிற்சி கொடுக்கும் சார்ஜண்ட் வேலை. எனக்கு வயது இருபது. என் பிரிவில் இருந்தவர்களுக்குப் பதினெட்டு, பத்தொன்பது.

1965இல் சிங்கப்பூர் தனிநாடானபோது அதன் கையில் இருந்தவை இரண்டே காலாட்படைப் பட்டாளங்கள். மக்கள்தொகை இருபது லட்சத்தைக்கூடத் தொடவில்லை. சம்பளப் படை ஒன்றைப் பெரிதாகத் திரட்ட ஆள் ஏது? 1967இல் வீட்டுப் பிள்ளைகளையே கூப்பிட்டார்கள். பள்ளியில் இதையெல்லாம் படித்திருந்தேன். ஆனால் அது மனத்தில் இறங்கியது காட்டுப் பயிற்சியின்போதுதான்.

அந்த நாட்களில் குளியல் கிடையாது. பவுடரை உடம்பெல்லாம் கொட்டித் தேய்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆள் படுக்கும் அளவுக்குக் குழி வெட்டி, நகக்கண்ணில் செம்மண்ணோடு அதிலேயே கிடப்பார்கள். ஒரு மாலை, பெற்றோரிடம் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த கடிதங்களைக் கொடுப்போம். கடிதம் வரும் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஒருவன் மட்டும் பிரித்த தாளைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். அருகே போனேன்.

"சார்ஜண்ட், அம்மா தமிழில் எழுதியிருக்கிறார். எனக்குப் படிக்கத் திணறுகிறது. நீங்கள் படித்துச் சொல்வீர்களா?"

அதுவரை என் வாயிலிருந்து அவன் காதில் விழுந்ததெல்லாம் "செடியா", "செனாங் டிரி" என்ற மலாய்க் கட்டளைகளும் ஆங்கிலத் திட்டும்தான். கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டையைத் தணித்துக்கொண்டு, குழியோரம் குந்திப் படித்தேன். "ராத்திரி உலை வைக்கும்போது உனக்கும் சேர்த்தே அரிசி போட்டுவிடுகிறேன், தம்பி. கை பழகிவிட்டது." அந்த வரியில் என் குரல் நின்றுவிட்டது. என் வீட்டிலும் அப்படித்தான் உலை கொதித்திருக்கும்.

முதலிலிருந்து இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். படித்தேன்.

கண்டிப்பு இல்லாமல் பயிற்சி இல்லை. அதில் எனக்கு மாற்றுக்கருத்து கிடையாது. ஆனால் யாருடைய பிள்ளையைக் கண்டிக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். அடுத்து வந்த அணிகளில், எந்த உறையில் தமிழ் எழுத்து தெரிகிறது என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்வேன். அந்தக் குழிக்குக் கடைசியாகப் போவேன், உட்கார நேரம் இருக்கும் என்பதற்காக.