கல் விளையும் ஊரிலிருந்து கலை படிக்கப் போகிறவர்களுக்கு

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காவேரிப்பட்டினத்திலிருந்து ஓர் அப்பாவும் மகளும் கிருஷ்ணகிரியில் உள்ள என் வீட்டிற்கு வந்திருந்தார்கள். மகள் கட்டடக்கலை நான்காம் ஆண்டு படிக்கிறாள். அப்பா இரண்டு ஏக்கர் மாந்தோப்பையும் சீசனில் கிடைக்கும் மாங்கூழ் ஆலை வேலையையும் கொண்டு குடும்பம் நடத்துகிறவர். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் ஓர் அலுவலகம் தந்த பட்டியல் அவர்கள் கையில் இருந்தது. அதில் இருந்த ஐந்து கல்லூரிகளுமே தனியார் கல்லூரிகள். எதன் கட்டணமும் ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய்க்குக் குறையவில்லை. தோப்பை அடமானம் வைத்தால் வங்கிக் கடன் கிடைத்துவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். “எந்த நாட்டுக்குப் போனா நல்லதுக்கா?” என்று அவள் கேட்டாள். அன்று அவளிடம் சொன்னவற்றையும், அவர்கள் போன பிறகு நினைவுக்கு வந்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கட்டடக்கலை மாணவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, 1972-ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர்கள் சட்டப்படி, கட்டடக்கலைக் குழுமத்தில் பதிவு செய்யாத ஒருவர் இந்தியாவில் தம்மை ‘ஆர்க்கிடெக்ட்’ என்று அழைத்துக்கொள்ள முடியாது என்பதுதான். வெளிநாட்டில் முதல் பட்டம் பெற்றுத் திரும்புகிறவர், அந்தப் பட்டத்திற்கு இங்கே அங்கீகாரம் உண்டா என்ற கேள்வியோடு அலைய நேரிடும். ஐந்தாண்டு பி.ஆர்க். படிப்பை இங்கேயே முடித்துப் பதிவும் செய்துகொண்டு, முதுநிலைக்கு வெளியே போவதே நம்மைப் போன்ற குடும்பங்களுக்குப் பாதுகாப்பான வழி என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஓவியமும் சிற்பமும் படிப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

கட்டணம் என்று வந்தால் நான் முதலில் சொல்வது ஜெர்மனியைத்தான். முதுநிலை படிக்க நான் போனதும் அங்கேதான். 1919-இல் வால்டர் குரோப்பியஸ் பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியைத் தொடங்கிய வைமார் நகரில் இன்று இருக்கும் பௌஹவுஸ் பல்கலைக்கழகம் உட்பட, அந்நாட்டின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. பருவத்திற்கு ஒருமுறை ஒரு சிறு தொகையைச் செலுத்தினால் போதும். ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் பருவத்திற்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் விதிக்கத் தொடங்கிவிட்டது. கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்றும் நம்பிவிடக் கூடாது. விசாவுக்கு முன் பிளாக்டு அக்கவுண்ட் என்ற கணக்கில் ஓராண்டு வாழ்க்கைச் செலவைப் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ, அதாவது 10 லட்சம் ரூபாய்க்கு மேல். அந்தப் பணம் உங்களுடையதே, மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும் என்றாலும், அதை ஒரே நேரத்தில் புரட்டுவதுதான் நம் வீடுகளில் கடினம். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு, அவர்களுடைய கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரப்படும் ஏ.பி.எஸ். (APS) சான்றிதழும் கட்டாயமாகிவிட்டதால், அதற்கான மாதங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மானிய அரசின் நிதியில் இயங்கும் டாட் (DAAD) என்ற கல்விப் பரிமாற்ற அமைப்பு, கட்டடக்கலைக்கும் நுண்கலைக்கும் தனித்தனியாக உதவித்தொகைகள் வைத்திருக்கிறது என்பது நம் மாணவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. உதவித்தொகை என்றாலே பொறியியலுக்குத்தான் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுநிலைப் படிப்புகள் இன்னும் தாராளமானவை. படிப்புக் காலத்தில் குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்கலாம். உதவித்தொகைக்குத் தேர்வானவர்களுக்குக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோவும் கிடைக்கும்.

இத்தாலியைப் பற்றி எழுதும்போது என் மனம் கராராவுக்குத்தான் போகிறது. மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலைக்குக் கல் தந்த மலை அங்கே இருக்கிறது; அந்த மலையடிவாரத்தில் 1769-இல் தொடங்கப்பட்ட நுண்கலைக் கழகம் இன்றும் சிற்பம் கற்பிக்கிறது. குவாரியும் பட்டறையும் கல்லூரியும் ஒரே ஊரில் இருப்பது அங்கே இயல்பான செய்தி. நம் மாவட்டத்திலும் குவாரிகள் இருக்கின்றன, கல் அறுக்கும் ஆலைகள் இருக்கின்றன, நம் கிரானைட் கப்பலேறி உலகமெங்கும் போகிறது. ஆனால் அந்தக் கல்லோடு வளர்ந்த பிள்ளைக்கு அதைக் கலையாகப் படிக்க இங்கே ஓர் இடம் இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம். கராராவில் படிக்க இத்தாலிய மொழி வேண்டும். இரண்டாம் ஆண்டிலேயே மொழி வகுப்பைத் தொடங்கினால் எட்டாத உயரம் அல்ல. மிலான் பொலிடெக்னிக்கில் கட்டடக்கலை முதுநிலையை ஆங்கிலத்திலேயே படிக்கலாம். இத்தாலிய மண்டல அரசுகள் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருவதால், வட்டாட்சியர் அலுவலகத்து வருமானச் சான்றிதழுக்கு அங்கேயும் மதிப்பு உண்டு. மொழிபெயர்ப்பையும் அத்தாட்சியையும் முன்கூட்டியே முடித்து வைத்திருக்க வேண்டும்.

1950-இல் ஓவியர் ரஸா பாரிசுக்குப் போனது பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில்தான். இன்று அந்நாட்டுத் தூதரகம் வழங்கும் ஷார்பாக் உதவித்தொகையில், இங்கே படித்துக்கொண்டிருக்கும்போதே பரிமாற்ற மாணவராகச் சில மாதங்கள் போய்வரவும் ஒரு பிரிவு உண்டு. உங்கள் கல்லூரிக்குப் பிரெஞ்சுக் கல்லூரியோடு ஒப்பந்தம் உண்டா என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். அமெரிக்காவையும் பிரிட்டனையும் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. நல்ல கல்லூரிகள் அங்கே நிறைய இருக்கின்றன, ஆனால் முழு உதவித்தொகை இல்லாமல் தோப்பை வைத்துப் போகும் இடங்கள் அல்ல.

மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பட்டியல் சாதி, சீர்மரபினர் மாணவர்களோடு நிலமற்ற விவசாயக் கூலிகளின் பிள்ளைகளுக்கும் மரபுக் கைவினைஞர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அதில் இடம் உண்டு. கல்தச்சர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்லவேண்டும். ஆனால் 2022-இல் வந்த வழிகாட்டு விதிகள், இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு சார்ந்த தலைப்புகளை இதிலிருந்து விலக்கிவிட்டன. நம் ஊர் நடுகற்களை வெளிநாட்டு நூலகங்களின் துணையோடு ஆராய விரும்பும் ஒரு கல்தச்சர் மகனுக்கு இந்தக் கதவு மூடியிருப்பது நியாயமே இல்லை. விண்ணப்பிப்பவர்கள் அந்த ஆண்டின் விதிகளை வரி வரியாகப் படித்துவிட்டுத் தலைப்பை முடிவு செய்யுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட அதிக நேரம் கேட்பது போர்ட்ஃபோலியோ, அதாவது விண்ணப்பத்தோடு அனுப்பும் நம் படைப்புகளின் தொகுப்பு. ஜெர்மானியக் கலைக்கழகங்களில் பள்ளி மதிப்பெண்ணை விட அதற்கே முதலிடம். நான் முதல்முறை அனுப்பியதில் கண்ணாடிக் கோபுரங்களும் விமான நிலையமும் கணினியில் பளபளவென்று வரையப்பட்டிருந்தன. விண்ணப்பித்த மூன்று இடங்களிலும் நிராகரித்தார்கள். அடுத்த ஆண்டு அவற்றை எடுத்துவிட்டு, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வேடியப்பனாக வணங்கப்படும் ஒரு நடுகல்லையும், அதைச் சுற்றி ஊரார் தலைமுறை தலைமுறையாக எழுப்பிய மேடை, கூரை, சுற்றுச்சுவர் ஆகியவற்றையும் கையால் அளந்து வரைந்த படங்களை வைத்தேன். கைவிடப்பட்ட குவாரி ஒன்றில் தேங்கிய நீரையும், அதைச் சுற்றிக் கொட்டிக் கிடந்த கழிவுக் கற்களையும் கொண்டு ஒரு திறந்தவெளி அரங்கம் அமைக்கும் திட்டத்தை அடுத்த பக்கங்களில் சேர்த்தேன். இடம் கிடைத்தது. நேர்காணலில் பேராசிரியர்கள் கேட்ட கேள்விகளில் பெரும்பகுதி அந்த நடுகல்லைப் பற்றியவை: வீரன் ஏன் அந்தத் திசை பார்த்து நிற்கிறான், கூரை எப்போது வந்தது, பூசை நாளில் கூட்டம் எங்கே நிற்கும். ஒவ்வொன்றுக்கும் என்னால் பதில் சொல்ல முடிந்தது, ஏனென்றால் அந்த இடத்தில் நான் நின்றிருக்கிறேன்.

காவேரிப்பட்டினத்துப் பெண் கிளம்பும் நேரத்தில், தயங்கித் தயங்கித் தன் பையிலிருந்து ஓர் ஓவிய நோட்டை எடுத்தாள். மல்லசந்திரம் குன்றின் மேலுள்ள கல்திட்டைகளை, அதாவது பலகைக் கற்களால் ஆன பழங்கால ஈமச் சின்னங்களைப் பத்துப் பக்கங்களுக்கு வரைந்திருந்தாள். பலகைக் கற்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் முறை, கல்லில் வட்டமாகக் குடைந்த இடுதுளை என்னும் திறப்பு, உள்ளே விழும் வெளிச்சம் எல்லாம் இருந்தன. கன்சல்டன்சிக்காரர்களிடம் இதைக் காட்டினாயா என்று கேட்டேன். அவர்கள் மதிப்பெண் பட்டியலை மட்டும்தான் கேட்டார்கள் என்றாள். அளவுகள் குறிக்கப்படாமல் இருந்தன. அடுத்த முறை டேப்பும் துணைக்கு ஒருவரும் வேண்டும் என்றேன். “நான் வந்து டேப்பைப் பிடிக்கிறேன்மா” என்றார் அதுவரை பேசாமல் இருந்த அவள் அப்பா.